பதினெட்டு கேட்ட முதல்வர்

எங்கள் துணிக்கடையில், சொன்ன விலைக்கே வாங்கிப் போகும் ஆளைக் கண்டால் என் சித்தப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். பேரம் பேசுகிறவன் எங்கே வந்து நிற்பான் என்று தெரியும். பேசாதவன் நாளைக்கே துணியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பான் என்பார். அந்தக் கல்லாப்பெட்டிப் புத்தியோடுதான் நான் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் பிரிவில் திட்ட அலுவலராக வந்து உட்கார்ந்தேன். வந்த ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது: இடம்தான் மாறியிருக்கிறது, தொழில் அதேதான்.

மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் என்று மூன்று கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே பயிற்சிக் கூடம். எட்டுக் கட்டில்கள், எட்டு ரப்பர் நோயாளிகள். மாணவர்கள் ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் நின்றுபோன மூச்சை மீட்பதும் இவர்கள் மேல்தான். வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் கூடம் திறந்திருக்கும். ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் தங்களுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கல்லூரிகள் எழுதிக் கேட்கும். தேவைக்கு மேல் பாதியைக் கூட்டிக் கேட்கும். நான் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவேன். கணக்கு நேராகிவிடும். அவர்களுக்கும் போராடி வாங்கிய திருப்தி, எனக்கும் கண்டிப்பான ஆள் என்ற பெயர்.

இந்த முறை கணக்கு இடறியது. செவிலியர் கல்லூரிக்குப் புதிதாக வந்த முதல்வர் உண்மையை எழுதிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பதினெட்டு மணி கேட்டிருந்தேன் சார். பன்னிரண்டு போட்டிருக்கீங்க."

"எல்லாருக்கும் மூணுல ஒரு பங்கு குறைக்கிறது வழக்கம் மேடம். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க இருபத்தேழு கேப்பாங்க, பதினெட்டு வாங்கிட்டுப் போவாங்க."

"இந்த வழக்கம் எங்க எழுதியிருக்கு?"

"எழுதிட்டா அது விதி ஆயிடுமே மேடம்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது தாளை என் முன்னால் வைத்தார். அங்கீகாரக் குழுவின் கடிதம். வியாழக்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள். வரும் பருவத்தில் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம், அதுவும் பகல் நேரம், கூடத்தில் செவிலியர் கல்லூரிக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அறுபது இடங்களுக்கும் சேர்க்கை கிடையாது.

"அறுபது பிள்ளைங்க சார்," என்றார். "நான் சேர்ந்து மூணு மாசம்கூட ஆகல. எனக்கு முன்னாடி இருந்தவங்க பதினாலு வருஷம் ஓட்டின கல்லூரி. நான் வந்தவுடனே இழுத்து மூடினேன்னு பேராயிடும்."

அவர் செய்த தப்பு நேர்மை. அதை வெட்டியது என் பேனா. வெட்டிய ஆறு மணியையும் மருத்துவக் கல்லூரி டீன் வாரிக்கொண்டிருந்தார். போன பருவம் முப்பது கேட்டு இருபது வாங்கியவர், இந்த முறை முப்பத்தொன்பது கேட்டு இருபத்தாறு வாங்கியிருந்தார். பட்டியலில் எல்லாரும் கையெழுத்தும் போட்டாயிற்று. இனி மாற்ற வேண்டுமென்றால் கொடுக்கிறவர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். யானை வாயில் போன கரும்பு.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க மேடம்," என்றேன்.

"அதுக்கும் மூணுல ஒரு பங்கு வெட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பரவாயில்லை, அம்மாவுக்கு வியாபாரம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேராகப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். சாவியை வைத்திருக்கும் டெக்னீஷியன் ஒரு ரப்பர் நோயாளியின் கழுத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போன பருவத்துல மருத்துவக் கல்லூரிக்காரங்க எவ்வளவு நேரம் வந்தாங்கம்மா?"

"வாரம் இருபது மணி நேரத்துக்குப் பேர் இருக்கும் சார். சாவி வாங்குறது பதினாலு மணி நேரத்துக்குத்தான். திங்கக்கிழமை மத்தியானம் இந்தப் பொம்மைங்க தனியாத்தான் படுத்துக் கிடக்கும்." கதவோரம் ஆணியில் தொங்கிய சாவிப் பதிவேட்டைக் காட்டினாள். அவள் சொன்னது அப்படியே அதில் இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு டீன் அறை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'மலை' என்று பெயர். உடம்புக்காக வைத்ததல்ல, நகரமாட்டார்.

"வாய்யா பிளானிங்! நேரம் கேட்டு வந்திருந்தா அப்படியே திரும்பிடு. எங்களுக்கே பத்தல."

"அதைச் சொல்லத்தான் டாக்டர் வந்தேன். முப்பத்தொன்பது கேட்டீங்க, இருபத்தாறுதான் கொடுத்தேன். மனசு கேக்கல."

மலை பேனாவைக் கீழே வைத்தது.

"கூடத்தை ஆறு மணிக்கு மூடுறாங்க. ஒன்பது வரைக்கும் திறந்து வைக்கலாம். வாரத்துக்கு இன்னும் பதினஞ்சு மணி கிடைக்கும். அதுல பதிமூணு உங்களுக்கே. கேட்ட முப்பத்தொன்பதும் வந்துடும்."

"சாயங்காலமா? யாருய்யா வருவா?"

"உங்க பேராசிரியர்கள்தான். அங்கீகாரக் குழு கடிதம் வந்திருக்கு டாக்டர். இனிமே கூடத்துல ஒதுக்கின ஒவ்வொரு மணிக்கும் வகுப்பெடுத்த ஆசிரியரோட கையெழுத்து வேணுமாம். எந்தக் கல்லூரியா இருந்தாலும்." கடிதத்தின் ஏழாவது பத்தியை விரலால் தொட்டுக் காட்டினேன். பொய் ஒன்றுமில்லை, அப்படித்தான் எழுதியிருந்தது.

டீன் இரண்டு முறை படித்தார். "இருபத்தாறுக்குமா?"

"இருபத்தாறுக்கும்தான். இப்ப முப்பத்தொன்பதுக்கும்."

மத்தியானம் ஆனால் அவருடைய பேராசிரியர்களில் பாதிப்பேர் சொந்தக் கிளினிக்கில் இருப்பார்கள். அது ஊருக்கே தெரியும். டீனுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"போன பருவத்துக் கணக்கும் பார்ப்பாங்களோ?" குரல் இறங்கியிருந்தது.

"அதைப் பத்திக் கடிதத்துல ஒண்ணும் இல்ல. ஆனா சாவிப் பதிவேடு கதவோரமாத் தொங்குது டாக்டர். உள்ள நுழையிறவங்க கண்ணுல முதல்ல அதுதான் படும்."

நான் பேசவில்லை. பேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு விலைதான்.

"அந்தப் பதிமூணு வேண்டாம்," என்றார் கடைசியில். "நாங்களே பாடத்திட்டத்தை மாத்தி அமைக்கிறோம். கொஞ்ச நேரம் மிச்சமாகும்னு நினைக்கிறேன். நாலு மணி போல."

"நாலா?" தலையைச் சொறிந்தேன். "திங்க மத்தியானம் மூணு, வெள்ளி மத்தியானம் மூணு. முழுசா விட்டுட்டா உங்க ஆளுங்களுக்கும் ரெண்டு மத்தியானம் நிம்மதி. நாலுன்னா ரெண்டு நாளும் அரைகுறையா வந்துட்டுப் போகணும்."

"அஞ்சு."

"நீங்க அஞ்சுன்னு சொன்னா சரிதான் டாக்டர். அந்த ஆறாவது மணிக்கு யார் கையெழுத்துப் போடுவாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, எழுதிக்கிறேன்."

மலை என்னை முறைத்தது. பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தது. "எந்தக் கடையில வளர்ந்தய்யா நீ?" என்றபடி தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டது. ஆறு மணி நேரம்.

மாடிப்படி இறங்கும்போதே கைப்பேசி ஒலித்தது. இயன்முறை மருத்துவக் கல்லூரி முதல்வர். எங்கள் வளாகத்தில் காற்றைவிடச் செய்திதான் வேகமாக ஓடும்.

"சார், கூடுதல் நேரம் தர்றீங்களாமே? எனக்கு வேண்டவே வேண்டாம் சார்! இருக்கிற பன்னிரண்டுல ரெண்டை வேணும்னாலும் எடுத்துக்கங்க, புண்ணியமாப் போகும்."

எடுத்துக்கொண்டேன். வருகிற லட்சுமியை வேண்டாம் என்று சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

திருத்திய பட்டியலைச் செவிலியர் கல்லூரிக்கு நானே கொண்டுபோனேன். முதல்வர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணினார்.

"இருபது வருதே?"

"ரெண்டு கூட இருக்கட்டும் மேடம்."

"எங்களுக்குப் பதினெட்டு போதும் சார். இருபதுக்குக் கையெழுத்துப் போட எங்கிட்ட ஆள் இல்ல." இரண்டு கட்டங்களை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். என் வேலையில் நேரத்தைத் திருப்பிக் கொடுத்த முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். கட்டில்களை எண்ணினார்கள், ஒரு ரப்பர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள், பட்டியலைக் கேட்டார்கள். அவர்களில் மூத்தவர் செவிலியர் கல்லூரி வரியில் நின்று மணிகளைக் கூட்டினார். முதல்வர் மூச்சுவிடவில்லை, நானும்தான்.

"பதினெட்டு. சரியா இருக்கு," என்று 'குறை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

கார் வளாகத்தைத் தாண்டும்வரை முதல்வர் விறைப்பாகவே நின்றார். பிறகு வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டெக்னீஷியன் டீ கொண்டுவந்தாள்.

"அறுபதும் பிழைச்சுது சார்," என்றார். "அடுத்த பருவத்துக்கு என்ன எழுதட்டும், இருபத்தேழா?"

"பதினெட்டுன்னே எழுதுங்க மேடம். உங்க தாளை மட்டும் தனியா வெச்சு வெட்டாம விடுறேன். வெளிய மட்டும் சொல்லிடாதீங்க. எல்லாரும் உண்மை பேச ஆரம்பிச்சா எனக்கு வேலை போயிடும்."

அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். மூன்று நிறுத்தம் தள்ளித்தான் விழித்தேன். இறங்கித் திரும்பி நடந்தேன். கால் வலிக்கவே இல்லை.