குட்டி டீச்சருக்கு விளையாட நேரமில்லை

காலை மணி அடிப்பதற்குச் சற்று முன்பாக, இரண்டாம் வகுப்பின் நடுப் பெஞ்சில் ஒரு சிறுமி தன் இரு கைகளாலும் பக்கத்துப் பையனின் காதுகளைப் பொத்துவாள். தாழ்வாரத்து மின்மணி கட்டடமே அதிரும்படி அலறி ஓயும். பிறகு அவள் கைகளை எடுத்து, அவன் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். அவன் அதைச் சுண்டிவிட்டு, அது சுழல்வதைக் கண்கொட்டாமல் பார்ப்பான். அந்த வகுப்பின் பொழுது நாள்தோறும் அப்படித்தான் தொடங்கும்.

வட்டமாக எது கிடைத்தாலும் சுற்றிவிடுவான் என்பதால் அவன் அப்பா அவனுக்கு இட்ட செல்லப்பெயர் பம்பரம். அவனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேச்சு மிகக் குறைவு. பெருஞ்சத்தம் கேட்டால் உயிரே போவதுபோல் துடிப்பான். பக்கத்துச் சிறுமியின் பெயர் குட்டி டீச்சர். அதை இட்டவர் வகுப்பாசிரியை.

ஆசிரியையைக் குறை சொல்லிவிடுவது எளிது. பிதுங்கி வழியும் வகுப்பு, திருத்தி முடியாத நோட்டுக் கட்டுகள், படியேறினால் உயிரை வாங்கும் மூட்டுவலி. இத்தனைக்கும் நடுவே பம்பரம் வந்து சேர்ந்தபோது, அவனை எப்படி நடத்துவது என்று அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை. துணைக்கும் ஆள் வரவில்லை. ஒருநாள் அழுதவன் கையில் அந்தச் சிறுமி ஒரு மூடியை வைக்க, அழுகை நின்றது. அன்றே அவளை அவன் பக்கத்தில் உட்காரவைத்தார். பாதிப் பாரம் இறங்கியது போலிருந்தது.

அதன்பின் அவனுக்கான சொல்லெல்லாம் அவள் வழியாகவே போயிற்று. "அவன எழுதச் சொல்லு." "அவன வரிசையில நிக்க வை." "என்ன வேணுமாம், கேளு." வருகைப்பதிவில் அவன் பெயர் வந்தால், "வந்திருக்கான் டீச்சர்" என்று அவளே பதில் சொல்வாள். பள்ளி விழாவில் தலைமையாசிரியை அவளை மேடையேற்றிப் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஆசிரியையும்தான்.

ஒருநாள் காலை குட்டி டீச்சர் வரவில்லை. அவள் அப்பா, பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"வயித்து வலிங்கிறா டீச்சர். டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கிறாரு. லீவு நாள்னா அந்த வலிக்கும் லீவு."

"பள்ளிக்கூடம் வர அவளுக்கு ஆசைதானேங்க?"

"ஆசைதான். இங்க ரெண்டு டீச்சராமே, என் பொண்ணுக்கும் மாசாமாசம் சம்பளம் போடுவீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார், கேட்டு முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. "அந்தப் பையன்னா அவளுக்கு உசுரு. அதான் உங்ககிட்ட வாயத் தெறக்கல. 'நான் ஓடிப் பிடிச்சு விளையாடினா அவன யாரும்மா பாத்துக்குவா'ன்னு அவங்கம்மாகிட்ட கேட்டு அழறா. ஏழு வயசுங்க டீச்சர். பஸ் ஓட்டுற நானே ஷிப்ட் முடிஞ்சா எறங்கிடுறேன்."

அவர் சொல்லி முடிக்கும்போதே மணி அலறியது. பொத்துவதற்குக் கைகள் இல்லை. பம்பரம் வீறிட்டு மேசைக்கடியில் புகுந்து, அதன் காலில் தலையை மோதத் தொடங்கினான். "குட்டி டீச்சர், அவனப் பா..." என்று பழக்கத்தில் கூப்பிட்ட ஆசிரியையின் பேச்சு பாதியில் அறுந்தது. அவரே முட்டிபோட்டுக் குனிந்து, அவன் தலைக்கும் மரத்துக்கும் நடுவே தன் கையைக் கொடுத்தார். என்ன சொல்லி அவனைத் தேற்றுவது? இத்தனை மாதங்களில் அவனிடம் நேராக ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பையனின் அம்மா, ஆள்விட்டதும் ஈரக் கையோடு ஓடிவந்தார். தலைமையாசிரியையின் அறையில் தீர்ப்புத் தயாராக இருந்தது.

"அந்தப் பொண்ண இனிமே பக்கத்துல வைக்க முடியாதும்மா. பையன நீங்க வீட்லயே வெச்சுக்குங்க. பரீட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வாங்க, போதும்."

அம்மா அழவில்லை, அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. "சரிங்க மேடம். போன பள்ளிக்கூடத்துலயும் இதத்தான் சொன்னாங்க" என்றார். எழுந்தவர், ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "ஒண்ணுதான் தெரியல டீச்சர். வீட்ல மூடியெல்லாம் வரிசையா அடுக்கி வெச்சு அட்டெண்டன்ஸ் எடுப்பான். உங்க குரல் அப்படியே வரும். ஒரு பேரு விடமாட்டான். அவன் பேரு வந்தா மட்டும் அந்தப் பொண்ணு மாதிரி 'வந்திருக்கான் டீச்சர்'னு சொல்லிக்குவான். இனிமே பள்ளிக்கூடம் இல்லன்னு அவனுக்கு எப்படிச் சொல்றது?"

தன்னைக் கவனிக்கவே இல்லை என்று ஆசிரியை எண்ணியிருந்த பிள்ளை, நாள் தவறாமல் அவர் வகுப்பைத் தன் வீட்டில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

"உக்காருங்கம்மா" என்றார். பிறகு தலைமையாசிரியையிடம், "ஒரு கதை சொல்லட்டுமா மேடம்?" என்றார்.

"இப்பவா?"

"சின்னதுதான். ஓடையக் கடக்க முடியாம ஒரு முயல்குட்டி நின்னுச்சாம். யானைங்க எல்லாம் கூடி, ஒரு குரங்குக்குட்டி முதுகுல அத ஏத்திவிட்டு, 'ஆகா, எவ்வளவு நல்ல குரங்கு'ன்னு தும்பிக்கையத் தூக்கிப் பாராட்டுச்சாம். குரங்குக்கு முதுகு ஒடிஞ்சப்போ, அதே யானைங்க முயல ஊரவிட்டே போகச் சொல்லிடுச்சாம். ஒரு மரத்த உருட்டி ஓடைக்குக் குறுக்க போடணும்னு ஒரு யானைக்கும் தோணல."

"இப்ப யானை யாரு, நானா?"

"நானுந்தான் மேடம்."

"பேச நல்லாத்தான் இருக்கு. யாரு பாத்துக்குவா? மூட்டுவலின்னு மாடியே ஏற மாட்டேங்கிறீங்க."

"வலிக்கத்தான் செய்யும். உதவிக்கு ஒரு ஆள் வேணும்னு நீங்க மேல கேளுங்க. ஆள் வர்ற வரைக்கும் தினம் ஒரு பீரியட் நீங்க வந்து அவன் பக்கத்துல உக்காருங்க. முதல்ல எங்க தாழ்வாரத்து மணிய நிறுத்தச் சொல்லுங்க."

தலைமையாசிரியை முணுமுணுத்தார், ஆனால் மறுக்கவில்லை. மணியின் கம்பி கழற்றப்பட்டது. கரும்பலகையின் ஓரத்தில் அன்றன்று நடக்கப்போவதை ஆசிரியை வரிசையாகப் படம் வரைந்து வைத்தார். அலமாரிக்குப் பின்னால், சத்தம் பொறுக்காதபோது ஒதுங்கிக்கொள்ள ஒரு பாய் விரித்தார். மந்திரம் எதுவும் நடந்துவிடவில்லை. வீறிடும் நாள்கள் இருந்தன. ஆசிரியையின் கையில் பல் பதிந்த நாளும் உண்டு. கேட்ட ஆள் இன்னும் வந்தபாடில்லை. தலைமையாசிரியை மட்டும், அலுத்துக்கொண்டேயானாலும், தம் முறைக்கு வந்து உட்கார்ந்தார்.

குட்டி டீச்சர் திரும்பி வந்தாள். தோழிகளோடு சன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. ஆசிரியை வருகைப்பதிவு எடுத்தார். பம்பரத்தின் பெயர் வந்ததும் பழக்கதோஷத்தால் அவள் வாய் திறந்தது. ஆசிரியை கையுயர்த்தித் தடுத்துவிட்டு, அவனைப் பார்த்து, அவன் பெயரை மறுபடி சொல்லிக் காத்திருந்தார். மேசைமேல் மூடி சுழன்றது; தள்ளாடியது; விழுந்தது.

"வந்திருக்கான் டீச்சர்" என்றான் பம்பரம், மூடியைப் பார்த்தபடியே.

"ஆமாப்பா, வந்திருக்க" என்றார் ஆசிரியை, அவனிடமே.

விளையாட்டு வேளையில் பிள்ளைகள் எல்லாரும் சிட்டாய்ப் பறந்தார்கள். குட்டி டீச்சர் மட்டும் கதவருகே தயங்கி நின்றாள். "அவன யாரு டீச்சர் பாத்துக்குவா?"

"நான் பாத்துக்கிறேன், நீ போய் விளையாடுடா கண்ணு. சிநேகிதியா இருக்கறதுதான் உன் வேலை. பாத்துக்கிறது பெரியவங்க வேலை. ஒரு பிள்ளையோட பாரத்த இன்னொரு பிள்ளை தலையில ஏத்திட்டு, நாங்க நின்னு கைதட்டினது பெரிய தப்பு."

அவள் காதில் முதல் வாக்கியத்துக்குமேல் எதுவும் விழவில்லை. அதற்குள் மைதானத்தின் பாதியைக் கடந்திருந்தாள். ஆசிரியை முட்டியைப் பிடித்துக்கொண்டு, பெருமூச்சுடன் பம்பரத்தின் அருகே பாயில் உட்கார்ந்தார்.