கேட்காமல் போன பீரோ

காரைக்காலில் பிலோமின்ராஜ் கடையில் பீரோ வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பீரோ வருவதற்கு முதல் நாள் மருதையன் வருவார். முன்கடையில் விற்பனை முடிந்ததும் சீட்டை வாங்கிப் பின்னால் இருக்கும் குடோனில் சேர்ப்பதுதான் அவர் வேலை. ஆனால் சரக்கு கிளம்புவதற்கு முன் சைக்கிளை மிதித்து அந்த வீட்டுக்கே போய்விடுவார். தேதியில் மாற்றம் உண்டா, வாசல் எவ்வளவு அகலம், எந்த நேரத்தில் பீரோ உள்ளே வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் லோடுமேன் கருப்பையனிடம் சீட்டைக் கொடுப்பார். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

எண்பத்தெட்டில் முதலாளியின் தம்பி பிரான்சிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினார். முன்கடையில் டெய்சி விற்பனையைப் பதிந்து வைப்பாள். சரக்கு போகவேண்டிய நாள் காலையில், சுவரைத் துளைத்துப் போன ஒயர் வழியாக, குடோனில் இருந்த பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டே சீட்டை அடித்துத் தள்ளும்.

"ஆவணி முழுக்க இது ஓடட்டும் மருதையன்," என்றார் பிலோமின்ராஜ். "நீங்க எந்த வீட்டுக்கும் போவக் கூடாது. ஒரே ஒரு டெலிவரி தப்பாப் போனாலும் ஒங்க வேல ஒங்களுக்குத்தான். தப்பே இல்லன்னா, நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க. பிரான்சுல எவனும் சீட்டத் தூக்கிக்கிட்டு ஓடுறதில்ல."

டெய்சி சிரித்தாள். மருதையனும் சிரித்துவைத்தார். ஐம்பத்தாறு வயதில் எந்தக் கடையில் போய் நிற்பது?

அன்றிலிருந்து குடோன் மூலையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மருதண்ணே, அடைகாக்குறீங்களா?" என்று கருப்பையன் கிண்டல் செய்தான். பெட்டி தப்புச் செய்யவில்லை. ஊரும் தேதியும் பொருளும் ஒவ்வொரு நாளும் சரியாகவே வந்தன.

ஆவணி இருபத்துநாலாம் தேதி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சுரக்குடி ஆள் ஒருவர் சொன்னார். நடராசன் மகள் அன்னபூரணி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். நேற்றுத்தான் எடுத்தார்கள். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருந்த பெண்.

அவளுடைய சீருக்கு நடராசன் இவர்கள் கடையில்தான் கண்ணாடி பீரோ எடுத்திருந்தார். மருதையன் டம்ளரைக் கீழே வைத்தார். ஐயோ பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் தோன்றியது. இதோ, தப்பு வந்துவிட்டது. அந்த இரண்டாவது நினைப்பு போய்விடும் என்று வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அது போகவில்லை.

நாலு நாள் அவர் இதைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலையில் பெட்டி சீட்டை அடித்தது. நடராசன், சுரக்குடி.

"கல்யாண வீடு, ராவுகாலம்லாம் பாப்பாங்க," என்றான் கருப்பையன். "ஒரு எட்டு போயிக் கேட்டுட்டு வந்துடுறீங்களாண்ணே?"

"கேக்கக் கூடாதுன்னுல்ல உத்தரவு. ஏத்து."

அன்றைக்கு இன்னொரு லோடுமேன் வரவில்லை. "நீங்க சும்மாத்தானே இருக்கீங்க, கூடப் போங்க," என்றார் முதலாளி. மாட்டேன் என்றால் காரணம் சொல்லவேண்டும். மருதையன் டெம்போவில் ஏறினார்.

கல்யாணப் பந்தலுக்கு இறக்கிய மூங்கிலிலேயே சாவுப் பந்தல் போட்டிருந்தார்கள். இன்னும் பிரிக்கவில்லை. டெம்போ சத்தம் கேட்டு நடராசன் மனைவி செல்லம்மா வெளியே வந்தாள். பீரோவைப் பார்த்தாள். பிறகு மருதையனைப் பார்த்தாள்.

"நேத்தெல்லாம் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. எப்புடியும் வந்து கேப்பீங்க, அப்ப சொல்லிக்கலாம்னுதான் கடைக்கு ஆளு அனுப்பல." பிறகு, "ஒடம்பு கிடம்பு முடியலியாண்ணே?" என்று கேட்டாள்.

கருப்பையனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா, திருப்பிக் கொண்டுபோயிடுறோம்."

சரக்கு திரும்பிப் போனால் பெட்டி செய்தது தப்பென்று ஆகிவிடும், வேலை நிலைக்கும். மருதையன் கயிற்றை மறுபடி இறுக்கினார்.

"வாணாம்," என்றார் உள்ளேயிருந்து வந்த நடராசன். "கடையில வந்து நின்னு அவளே பாத்து எடுத்தது. எறக்குங்க."

வாசல் குறுகல். பீரோவைச் சாய்த்து, பக்கவாட்டில் திருப்பி, மூச்சுப்பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். செல்லம்மா பின்னாலேயே வந்து கண்ணாடியில் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள். நடராசன் சீட்டை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கடையில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு முதலாளி தலையசைத்தார்.

"மொதலாளி, அது சாவு வூடு," என்றார் மருதையன். "நான் கேட்டுட்டு வந்திருந்தா இப்புடி ஆயிருக்குமா?"

பிலோமின்ராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "அடப்பாவமே. ஆனா வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரே. ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

டெய்சியின் விரல்கள் நின்றன. போய்க் கேட்டுவரச் சொன்னதற்கு காலையில் 'ஏத்து' என்று சொன்னவரையே கருப்பையன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாதுங்க."

"மனுசன் ஒங்களுக்கே தெரியல. மெஷினுக்கு எப்புடித் தெரியும்? அதும்மேல என்ன தப்பு?" முதலாளி சீட்டைக் கம்பியில் குத்தினார். "மாசம் முடிய மூணு நாளுதான். அதுக்காக எதுக்கு அலையிறீங்க? குடோன் சாவியக் கருப்பையன்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

மருதையன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். கருப்பையன் கை நீட்டவில்லை. மேசைமேல் வைக்கும்படி கண்ணால் காட்டினான்.