மசினாவின் வசனம்

அக்கா லூப்பேயின் மகள் மசினாவுக்கு நான்கு வயது. மூச்சு இரைக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "ஆஸ்துமாவா டாக்டர்?" என்று கேட்டேன். "ஒரு பட்டம் வாங்கிட்டா நீயும் டாக்டராம்மா? வெறும் சளி" என்றார். பிள்ளையின் சட்டையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளைகளின் பண்டிகையான வெள்ளை ஞாயிறன்று எங்கள் அப்பியா ஊர்ச் சபையில் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வேத வசனம் சொல்வார்கள். மறந்துபோனால் சபையே எடுத்துக்கொடுக்கும். மசினா பாதியில் நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"சொல்லு கண்ணு, அடுத்து 'ஆண்டவர்'!" என்று முன்வரிசையில் கத்தினார்கள்.

"அப்பனை மாதிரியே மறதி!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் தொண்டைக்குழி உள்ளே இழுபடுவதைக் கண்டு பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அதற்குள் உதடு நீலமாகிவிட்டது.

உயிர் போன பிறகுதான் அந்த டாக்டர் வாயில் ஆஸ்துமா என்ற சொல் வந்தது.

அதே வெள்ளை உடுப்பில் அவளைப் புதைத்தோம். சபையார் வரிசையாக வந்து அழுதார்கள். லூப்பே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவ மறக்கலைடி. காலைல எங்கிட்ட முழுசாச் சொன்னா. இவங்ககிட்டச் சொல்லுடி, எம்புள்ள மறக்கலைன்னு."