பின்பக்கத்து எடை

தாம்பரத்தை விட்டுக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டிடமிருந்து தேவானந்தம் அந்த டிராம்போனை வாங்கியபோதே அது பழசு. பித்தளை அங்கங்கே கறுத்திருந்தது. நாதம் மட்டும் கெடவில்லை. ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த அவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும் அதை எடுத்துத் துடைத்து ஊதுவார். கோயில் பேண்டில் டிராம்போன் அவர் ஒருவர்தான். ஈஸ்டர் விடியற்காலைப் பவனியில் அவர் ஊதினால் சேலையூர் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

1969இல், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில், அவர் பாதியில் நிறுத்திவிட்டு இடது மணிக்கட்டை உதற ஆரம்பித்தார். முன்னால் கனக்கிறது என்றார். அவர் மனைவி ரத்தினபாய் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவள். கனக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தாள். டிராம்போனின் பாரம் முழுவதும் இடது கையில்தான். வலது கைக்கு நீளக் குழாயை இழுத்துத் தள்ளுகிற வேலை மட்டும். குழாய் வெளியே போகப் போக முன்பக்கம் தரையைப் பார்த்துச் சாயும். இடது தோளுக்குப் பின்னால் வளைந்து திரும்புகிற இடத்தில் கொஞ்சம் எடை சேர்த்தால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

குழந்தைகள் இல்லாத வீடு. சாயங்காலங்களில் இருவருக்கும் நேரம் இருந்தது. அவள் பள்ளிக்கூட லேபிலிருந்து பித்தளை எடைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு, எடைகளைக் கைக்குட்டையில் முடிந்து வளைவில் தொங்கவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். காதில் இடித்துச் சில்லென்று இருக்கிறது என்று அவர் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதிகம் பேசாத மனிதர். அந்தச் சாயங்காலங்களில் சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னார். அவள் எடையை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

அளவு பிடிபட்டதும் மார்க்கெட் பக்கம் பாத்திரம் பற்றவைக்கிற சம்பந்தத்திடம் போனாள். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னா டீச்சரம்மா, ஊதுறதுக்குப் போயி எடைக்கல்லா?" என்றான். ஆனாலும் உருண்டையாக ஒரு பித்தளைக் கட்டி செய்து, குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே தோல் வைத்து, திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்தான்.

அந்த ஈஸ்டருக்கு டிராம்போன் நேராக நின்றது. பவனி கோயிலைச் சுற்றி வந்து ரயில்வே கேட் வரை போய்த் திரும்புகிற வரைக்கும் அவர் கையை உதறவே இல்லை. பேண்டு மாஸ்டர் தனசிங், அண்ணன் இந்த வருஷம் ஊதினமாதிரி என்றைக்கும் ஊதினதில்லை என்று அவளிடம் வந்து சொன்னான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அவர் மறுபடியும் கனக்கிறது என்றார். சம்பந்தம் இன்னொரு வில்லை சேர்த்துக் கொடுத்தான். கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. அவளுக்கு எங்கேயோ உதைத்தது. பின்னால் எடை ஏறினால் முன்பாரம் குறையும், சரி. ஆனால் கை தூக்குகிற மொத்தப் பாரம் கூடிக்கொண்டல்லவா போகிறது? இனிமேல் எடை சேர்க்கக் கூடாது, பிடியைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்து, அவர் விரல்களைப் பார்ப்பதற்காக முன்னால் வந்து குனிந்தாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையைக் காணோம். அந்த இடம் குழி விழுந்து கிடந்தது. தோலுக்கு அடியில் ஏதோ விட்டுவிட்டுத் துடித்தது. வீட்டில் இருக்கும்போதெல்லாம் அவர் அந்தக் கையை மடியில் துண்டுக்கு அடியிலேயே வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டிராம்போனை எடுத்தால் இவள் பின்னால் போய் நின்றுவிடுவாள்.

"என்னங்க இது?"

அவர் டிராம்போனை மெதுவாக மடியில் சாய்த்தார். "கை போய்க்கிட்டிருக்கு ரத்னா. டிராம்போன்மேல தப்பில்ல."

"எப்பத் தெரியும்?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாலயே. பட்டணத்துல பெரிய டாக்டர்கிட்ட காட்டினேன். மருந்து இல்லன்னுட்டார். இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, அப்புறம் மூச்சு."

குழி விழுந்த இடத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் இத்தனை நாளும் எடை கட்டிக்கிட்டு இருந்தது?" என்றாள்.

"நீ பின்னால நின்னு எடை போடுறப்ப, கோளாறு டிராம்போன்லதான்னு எனக்கே தோணும். அது போதும்னு இருந்துச்சு."

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் திருகாணியைக் கழற்றி எடையை எடுத்து வைத்தாள். அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய இடது கை பிடிக்கிற இடத்தில் தன் இடது கையைக் கொடுத்து டிராம்போனைத் தூக்கிப் பிடித்தாள். "ஊதுங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு வலது கையால் குழாயை இழுத்து ஊதினார். அவர் மூச்சு பித்தளை வழியாக அவள் எலும்பில் அதிர்ந்தது.

அப்படியே பல மாதங்கள் போயின. பிறகு வலது கையும் விழுந்தது. உதடு குவியவில்லை. டிராம்போனைப் பெட்டியில் வைத்து மூடினபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவரையே தாங்க வேண்டியிருந்தது. குளிப்பாட்ட, உட்காரவைக்க, தொண்டையில் சிக்கிய கஞ்சியை வெளியே எடுக்க, எல்லாவற்றுக்கும் இடது தோளில் அவரைச் சாய்த்துக்கொண்டாள். அந்தத் தோளில் ஒரு வலி வந்து தங்கிவிட்டது.

1971 ஐப்பசி மழையில் அவர் போனார்.

தனசிங் பேண்டுக்காரர்களோடு வந்து வாசலில் நின்று, கல்லறை வரைக்கும் வாசித்துக்கொண்டு வரட்டுமா அக்கா என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "அவர் இல்லாதது கேக்கும்."

அவர்கள் வாத்தியங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு ஈரத் தெருவில் சத்தமில்லாமல் நடந்து வந்தார்கள். ரத்தினபாய் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவருடைய சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. டிராம்போனைக் கோயிலுக்கே கொடுத்தாள். லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

தை மாதம் ஒரு காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தோள் வலிக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். கையை மேலே உயர்த்தினாள், சுழற்றினாள். எங்கேயும் வலி இல்லை. எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ரத்தினபாய் ஈரத் தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் ஓடிவந்து, எங்கே வலிக்கிறது டீச்சர், எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.