நாய்ச் சீட்டும் நரிச் சீட்டும்

மைத்துனி சீட்டுக்கட்டை எடுத்து வைத்தபோது சுருட்டைக்குச் சிரிப்புதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகளை மனைவி இன்னும் எடுக்கக்கூட இல்லை. மைத்துனி மேஜையில் ஓர் ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு, படம் போட்ட சீட்டுகளைக் கலைக்க ஆரம்பித்தாள். கப்பல், வீடு, பாம்பு, சாவி, சவப்பெட்டி என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் உட்காருபவள். ஆள் வராத நேரத்தில் ஃபோனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தையாம் இது. லெனார்மாண்ட் சீட்டு என்று பேர் சொன்னாள்.

"லெனா... என்னது?"

"பேரை விடுங்க அத்தான். மனசுல ஒண்ணை நினைச்சுக்கிட்டு ரெண்டு சீட்டு எடுங்க."

அவன் எதையும் நினைக்கவில்லை. உண்ட களைப்பில் கைக்கு வந்ததை உருவினான். முதலில் நாய் வந்தது, அடுத்தது நரி.

"என்ன, என்னைக் காட்டுக்கு மாத்திட்டாங்களா?"

மனைவி சிரித்தாள். மைத்துனி சிரிக்கவில்லை.

"ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும் அத்தான். முதல் சீட்டு ஆளைச் சொல்லும். ரெண்டாவது, அந்த ஆள் எப்படின்னு சொல்லும். நாய்னா நண்பன், கூடவே இருக்கறவன். நரின்னா தந்திரம்."

"அதாவது?"

"உங்க கூடவே இருக்கற ஒருத்தர் உங்ககிட்ட எதையோ மறைக்கிறார்."

"என் கூடவே இருக்கறது உங்க அக்காதான். அவ மறைக்கிறது பிஸ்கட் டப்பாவை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனான். குழாயைத் திறந்தபோது, ஏனென்று தெரியவில்லை, நெட்டையின் முகம் நினைவுக்கு வந்தது.

நெட்டையும் சுருட்டையும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள். ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பையில் சாமான்களைப் போட்டு ஊரெல்லாம் சுற்றியவர்கள். அந்த வேலையில் ஒருவர் மொட்டை மாடியில் இருக்கும் இயந்திர அறையில் நிற்க வேண்டும். மற்றவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, அது இருட்டுக்குள் மெல்ல ஏறி இறங்கும்போது சுவரில் பதித்த இரும்புத் தண்டவாளங்களுக்கு மசகு போட வேண்டும். மேலே இருப்பவன் கையில்தான் கீழே இருப்பவன் உயிர். நெட்டை மேலே இருந்தால் சுருட்டை பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்வான். அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் கொஞ்ச நாளாகவே நெட்டை பெட்டியின் மேல் ஏறுவதில்லை. கால் வலி, இடுப்புப் பிடிப்பு என்று ஏதாவது ஒன்று. "நீ ஏறு மச்சான், நான் மேல பார்த்துக்கறேன்" என்பான். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரோடும் உட்காருவதில்லை. தனியாகப் போய்விடுகிறான். இதையெல்லாம் சுருட்டை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அன்றுவரை அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே முடிச்சு விழுந்தது.

ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் யாரோ இயந்திர அறையைப் பூட்டாமல் போய்விட்டதாகப் புகார். சூப்பர்வைசர் நேரில் வந்துவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவர் நெட்டையைப் பார்த்துக் கேட்டார்: "கதவைத் திறந்து போட்டுட்டுப் போனது இவன்தானே?"

நெட்டை சுருட்டையை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் லேசாகச் சிரித்துக்கொண்டே, "ஆமா சார்" என்றான்.

சுருட்டைக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கதவைப் பூட்டியதே சுருட்டைதான். பூட்டை இழுத்துப் பார்த்ததுகூட நினைவிருந்தது. சூப்பர்வைசர் போட்ட சத்தத்தை வாயை மூடிக்கொண்டு கேட்டான். அவர் போன பிறகு நெட்டை ஒன்றும் நடக்காத மாதிரி, "டீ குடிக்கலாமா?" என்றான்.

"நீயே குடி."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவான், உஷாராகிவிடுவான் என்று தோன்றியது. ஒரு வருஷமாகத் தலைமை மெக்கானிக் இடம் காலியாக இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் அது. ஓஹோ, அதுதான் சங்கதியா என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரம் மைத்துனி வேலை செய்யும் கடைக்கே போய் நின்றான். கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்த சுவருக்கு முன்னால் அவள் ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"அத்தான்! கண்ணு தெரியலையா?"

"இப்பதான் தெரியுது. அந்த நாய் நரியை இன்னொரு தடவை சொல்லு."

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் முகம் மாறியது. "அய்யோ, அதை மனசுலயே வச்சிருக்கீங்களா? நரிக்கு வேலைன்னும் ஒரு அர்த்தம் உண்டு அத்தான். நண்பன், வேலை. கூட வேலை செய்யற நண்பன். வெறுமனே அப்படியும் படிக்கலாம். நான்தான் அன்னைக்கு அவசரப்பட்டு..."

"அப்படிப் போடு!" கவுண்ட்டரில் தட்டினான். "கூட வேலை செய்யற நண்பன், அவன்தான் ஏமாத்தறான். ஆள் யாருன்னும் சொல்லிடுச்சு, செய்யறது என்னன்னும் சொல்லிடுச்சு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

"நீ சொல்ல வேண்டாம். சீட்டே சொல்லுது."

"சீட்டு எங்கே சொல்லுது? நீங்கதான் சொல்றீங்க" என்றாள் அவள். அதற்குள் அவன் வாசலைத் தாண்டிவிட்டான்.

இதற்குப் பிறகு சுருட்டைக்கு வேலையில் பாதிக் கண், நெட்டைமேல் பாதிக் கண். பின்னாலிருந்து கூப்பிட்டால் நெட்டை திரும்புவதில்லை. திமிர் என்று நினைத்தான். ஃபோன் வந்தால் நெட்டை எடுக்காமல் கழிவறைப் பக்கம் போய் எழுத்தில் பதில் அனுப்புகிறான். அப்படி என்ன ரகசியம்? நாலு பேர் பேசிச் சிரிக்கும்போது நெட்டை மட்டும் ஒரு நொடி பிந்திச் சிரிக்கிறான். மனசு வேறு எங்கேயோ கணக்குப் போடுகிறது. எல்லாமே பொருந்தி வந்தது. பொருந்தாதது என்று ஒன்றுமே இல்லாமல் போனதுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். ஆனால் அவன் நன்றாகத்தான் தூங்கினான்.

ஒரு மதியம் பின்னாலேயே போனான். நெட்டை இரண்டு தெரு தாண்டி, ஒரு பழைய அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைந்தான். வாசலில் இருந்த பலகையில் மூன்றாவது மாடி என்று போட்டு ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயர் இருந்தது. இவர்களுக்குப் போட்டிக் கம்பெனி. சுருட்டை அதற்குமேல் படிக்கவில்லை. எதிர்ப் பக்கத்துப் பழக்கடை மறைவில் நின்று, நெட்டை வெளியே வருவதைப் பார்த்தான். கையில் ஒரு சின்னக் காகிதப் பை. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான்.

அன்று வீட்டில் மனைவியிடம் கொட்டினான். "இங்க தலைமை இடத்துக்கும் துண்டு போட்டுட்டு, அங்கயும் பேசி வச்சிருக்கான். ரெண்டு பக்கமும் கால்."

"அவர்கிட்டயே கேளுங்களேன்" என்றாள் மனைவி. "நம்ம பையனுக்குக் காய்ச்சல் வந்தப்ப தூக்கிட்டு ஓடினவர்."

"அதெல்லாம் நாய் சீட்டு. இப்ப நடக்கறது நரி."

"அவ சீட்டுக்கட்டைத் தூக்கி அடுப்புல போடறேன் நான்."

அடுத்த வாரம் ஒரு பழைய குடியிருப்பில் வேலை. சுவர்கள் தடிமன். வாக்கிடாக்கி இரைந்ததே தவிர ஒரு சொல்லும் புரியவில்லை. அங்கே எப்போதும் வாயால்தான் குரல் கொடுப்பார்கள். இயந்திர அறையின் தரையில் கம்பிவடம் இறங்கும் துளை வழியாகக் குரல் நன்றாகவே மேலே போகும். வழக்கம்போல நெட்டை மேலே போனான். சுருட்டை பெட்டியின்மேல் ஏறினான். பாட்டுப் பாடவில்லை.

"மெதுவா ஏத்து!" என்று கத்தினான். பெட்டி மெதுவாக ஏறியது. மசகு போட்டுக்கொண்டே வந்தவனின் சட்டைக் கை, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டிக்கொண்டது.

"நிறுத்து!"

பெட்டி நிற்கவில்லை.

"நிறுத்துடா! டேய்!"

தாங்கி கீழே போகப் போக அவன் கையையும் கீழே இழுத்தது. தோள் பெட்டியின் விளிம்பில் அழுந்தியது. பெட்டியின் மேலேயே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அது மற்றக் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. காலை நீட்டி, செருப்பு நுனியால் அதை உதைத்தான். பெட்டி குலுங்கி நின்றது. சட்டைக் கை தோளோடு கிழிந்திருந்தது. உள்ளே தோலும்.

கதவை நெம்பித் திறந்து வெளியே வந்து படியேறியபோது அவனுக்கு வலி தெரியவில்லை. கொல்லப் பார்த்துவிட்டான் என்ற ஒன்றைத் தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை. இயந்திர அறையின் கதவை உதைக்கக் காலைத் தூக்கினான். கதவு திறந்துதான் இருந்தது.

நெட்டை முதுகைக் காட்டி நின்றான். இயந்திரம் ஏன் நின்றது என்று புரியாமல் குனிந்து மின்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கைக்குப் பக்கத்தில், மேடைமேல் அவன் ஃபோன் அலறிக்கொண்டிருந்தது. உச்சக் குரலில், விடாமல். நெட்டை அசையவே இல்லை.

சுருட்டை வாசலிலேயே நின்றுவிட்டான். "டேய்" என்றான். சும்மா பேசும் குரலில். பிறகு சத்தமாக. மூன்றாம் முறை மோட்டாரின் மூடியில் அடித்தான். அந்த அதிர்வு பட்டுத்தான் நெட்டை திரும்பினான். சுருட்டையின் தோளில் ரத்தத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"கூப்பிட்டியா?"

நெட்டை சுருட்டையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் சுருட்டைக்கு உறைத்தது.

"வலது காது சுத்தமாப் போச்சு மச்சான்" என்றான் நெட்டை, தரையில் உட்கார்ந்து. "இடதுல பாதி இருக்கு. மோட்டார் ஓடினா அதுவும் இல்லை, நின்ன பிறகும் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்தான். தலை வேற சுத்துது, பெட்டி மேல ஏறினா விழுந்துடுவேன். அந்தக் கட்டடத்துல ரெண்டாவது மாடி டாக்டர்தான் பார்க்கிறார். கருவி செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் ஆபீஸ்ல சொல்லிடாத. தெரிஞ்சா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க."

"கதவு விஷயத்துல என்னைக் கைகாட்டினியே?"

"எந்தக் கதவு?"

அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூப்பர்வைசர் கேட்டது காதில் விழவே இல்லை. விழாதபோதெல்லாம் சிரித்து ஆமாம் போடப் பழகியிருந்தான், அவ்வளவுதான்.

சுருட்டைக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. சட்டையைக் கழற்றித் தோளில் அழுத்திக்கொண்டு, "சொல்லிடு. நீயே சொல்லிடு" என்றான்.

நெட்டை சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். மறுபடியும் பெட்டியின் மேல் ஏற வேண்டிய நாள் வந்தபோது, சுருட்டையால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நேராக ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டான். கம்பெனி நெட்டையை வேலையைவிட்டு அனுப்பவில்லை. உதிரிச் சாமான் கிடங்குக்கு மாற்றியது. மாதக் கடைசியில் தலைமை மெக்கானிக் இடம் சுருட்டைக்கு வந்தது. அவன் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் மைத்துனி அதற்குப் பிறகு சீட்டுக்கட்டை எடுக்கவே இல்லை. "நான் சொன்னதால நீங்க உஷாரா இருந்து தப்பிச்சீங்களா, இல்லை நான் சொன்னதால அவர்கிட்ட கேட்காம இருந்து அடிபட்டீங்களான்னு எனக்கே புரியலை அத்தான்" என்று ஒரு நாள் சொன்னாள். அவனுக்கும் புரியவில்லை.

ஒரு மாலை சுருட்டை பழம் வாங்கிக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனான். நெட்டையின் மனைவி கதவைத் திறந்தாள். முழுக்கத் திறக்கவில்லை. உள்ளே டிவி காது கிழியும்படி ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் இருக்காரா தங்கச்சி?"

"அவர் காது விஷயம் எனக்கும் அவருக்கும்தான் தெரிஞ்சிருந்தது, நம்பி உங்ககிட்ட சொன்னார்" என்றாள் அவள், வா என்றுகூடச் சொல்லாமல். "டாக்டர்கிட்ட போனப்ப நீங்க பழக்கடைகிட்ட நின்னதை அவர் பார்த்திருக்கார். உங்களுக்கும் ஏதோ உடம்பு சரியில்லை, மறைக்கிறீங்கன்னு வந்து வருத்தப்பட்டார். எதுக்கு அண்ணா பின்னாடியே போனீங்க?"

ஒரு சீட்டைப் பார்த்துப் போனேன் என்று எப்படிச் சொல்வது?

"அந்தத் தலைமை இடத்து மேல எத்தனை நாளாக் கண்ணு?"

"சத்தியமா அது இல்லை."

"வேற எது?"

டிவிச் சத்தம் நின்றது. நெட்டை அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். இடது காதில் புதுக் கருவி. சுருட்டையைப் பார்த்தான், பழப் பையைப் பார்த்தான்.

"நாளைக்குக் கிடங்குக்கு வா" என்றான், ஆபீஸில் பேசும் குரலில். "பிரேக் கட்டை புதுசா வந்திருக்கு. நீயே பார்த்து எடுத்துக்கோ."

கதவு சாத்தப்பட்டது. மெதுவாகத்தான். பழப் பை சுருட்டையின் கையிலேயே இருந்தது. வரச் சொன்னது பழையபடி பழகலாம் என்பதற்கா, வேலையோடு நிறுத்திக்கொள் என்பதற்கா என்று அவன் படியிறங்கிக்கொண்டே யோசித்தான். திரும்பிப் போய்க் கேட்டுவிடலாம் என்று நடுப்படியில் ஒரு முறை நின்றான். மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.