ஐந்நூறு குதிரையும் ஒரு தொந்தியும்

ஐந்நூறு குதிரைகளால் அசைக்க முடியாத காரை ஒரு தொந்தி அசைத்தது. தொந்திக்குச் சொந்தக்காரர் வேணு. முப்பது வருஷம் நான் அரசுப் பேருந்து ஓட்ட, எனக்குப் பின்னால் விசில் ஊதியவர். அந்த முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவர் நம்பியதில்லை. அடுத்தவரை நம்ப விட்டதுமில்லை.

என் மகள் இனியாவும் மருமகன் அருண்பிரசாத்தும் ஆயுத பூஜைக்குப் பெங்களூரிலிருந்து ஆளுக்கொரு ஐந்நூறு குதிரைசக்தி ஸ்போர்ட்ஸ் காரில் வந்திருந்தார்கள். அவள் காரைப் பின்சக்கரம் இரண்டும்தான் தள்ளும். அவர் காரில் நான்குமே வேலை செய்யும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரே சண்டை இதுதான்.

"மழைன்னா உன் வண்டி பின்னாடி ஆட்டிக்கிட்டு டான்ஸ் ஆடும். என்னுது தரையக் கவ்விக்கும்" என்பார் அவர்.

"வளைவுல லேசா நழுவும், நான் புடிச்சுத் திருப்புவேன். ஓட்டுறது நான்னு அப்பதான் தெரியும். உன் கார்ல நீ வெறும் பேசஞ்சர்" என்பாள் இவள்.

சண்டை முற்றி, போன மாதம் பந்தயம் ஆகிவிட்டது. இவள் கார் எங்காவது மாட்டி, வேறு வண்டி கட்டி இழுக்கிற நிலைமை வந்தால், இவள் அதை விற்றுவிட வேண்டும். எட்டு வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய கார்.

பூஜைக்கு மறுநாள் காலை, மலையடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் தார் போடாத புதுத் தெரு ராத்திரி மழையில் சேறாகக் கிடந்தது. இறங்கிய எருமையில் கொம்பு மட்டும்தான் கரையேறியது. அருண் கார் சரசரவென்று ஏறி மேட்டு ரோட்டில் நின்றது. இனியா கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றியது. பூஜையில் நசுங்கிய எலுமிச்சம்பழம் பறந்து வந்து என் சட்டையில் அறைந்தது.

"கயிறு வாங்கிட்டு வரேன்" என்று அருண் சிரித்தபடி டவுனுக்குப் போனார். இனியா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வேடிக்கை பார்க்க வந்த வேணுவைக் கண்டதும் என் மூளையில் ஹெட்லைட் எரிந்தது. அந்தக் காலத்தில் பஸ் சேற்றில் மாட்டினால், "எல்லாம் பின்னாடி போங்க, கடைசி சீட்டுக்குப் போங்க" என்று கத்துவது அவர்தான். பின்சக்கரத்தில் பாரம் விழுந்தால் பிடி கிடைக்கும்.

"வேணு, டிக்கியில ஏறுய்யா."

"யோவ், நான் என்னா அரிசி மூட்டையா? இதெல்லாம் நடக்காது."

"நடக்கலன்னா இனிமே நான் பொய்யே சொல்ல மாட்டேன்."

அந்த ஆசையில்தான் ஏறினார். பின்பக்கம் பணிந்தது, முன்பக்கம் மலையைப் பார்த்து நிமிர்ந்தது.

"ரெண்டாவது கியர்மா. ஆக்சிலேட்டர் மேல கோழிக்குஞ்சு படுத்திருக்குனு நெனச்சுக்கோ."

பழக்கதோஷத்தில் வேணு நாக்கை மடித்து இரண்டு விசில் கொடுத்தார். கார் முனகியது, வழுக்கியது, பிடித்தது. ஏறியே விட்டது!

கயிற்றோடு திரும்பிய அருண், ரோட்டில் நின்ற காரைப் பார்த்து, "டிராக்டர் வெச்சு இழுத்தீங்களா மாமா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வேணு இருநூறு கிலோ என்றேன். பாதி தூரம் கார் பறந்தது என்றேன்.

அருண் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, டிராக்டர்தான். வித்துடலாம் இனியா."

அவள் முகம் சுருங்கியது. என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம்.

"வேணு மாமா, நீங்க சொல்லுங்க. இவர் சொன்னத நீங்க ஒத்துக்கவே மாட்டீங்களே" என்றார் அருண்.

வேணு சேறு அப்பிய வேட்டியைப் பார்த்தார். இனியாவைப் பார்த்தார். கடைசியில் என்னை முறைத்தார்.

"பறக்கவெல்லாம் இல்ல தம்பி. இருநூறு ரொம்ப ஜாஸ்தி, தொண்ணூத்தெட்டுதான். என் சம்சாரத்துகிட்ட எண்பத்தஞ்சுனு சொல்லி வெச்சிருக்கேன், போட்டுக் குடுத்துடாதீங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்தபடி இந்த ஆளு சொன்னது நெசம். டிராக்டரும் இல்ல, கயிறும் இல்ல. டிக்கியில குந்தியிருந்தது நான்தான்."