தொகையறா இல்லாத பாட்டு

பூதலூரில் என் கோபத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரர் முதல் மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. ஆனால் வீரையண்ணனை இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் திட்டினேன். அது என் அக்கா செத்த நாள்.

நான் விண்ணரசி. சாவு வீட்டிலும் திருவிழாவிலும் பாடுகிறவள். பாட்டுக் கட்டுவது வீரையண்ணன். மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிற மனிதர், படிப்பு எட்டாவதோடு சரி. பாட்டென்று வந்துவிட்டால் ராட்சசன். சாவுச் செய்தி வந்ததும் என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொள்வார். அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டார். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து, செத்தவருக்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை, எந்த வேலையைப் பாதியில் விட்டுப் போனார் என்று விசாரிப்பார். ஒரு மணி நேரத்தில் பாட்டு தயார். எழுதித் தர மாட்டார், வாயால் சொல்லுவார், நான் பிடித்துக்கொள்வேன். என் மூச்சு எங்கே முடியுமோ அங்கேதான் அவர் வரியும் முடியும்.

ஊர் பேசாத பேச்சா? அவர் சம்சாரம் நாகம்மாள் அண்ணி அதையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். "இந்தாளு பேசுறதெல்லாம் உன் வாயிலதான். ஊட்டுக்கு வந்தா ஊமையா உக்காந்திருக்காரு. பாட்டு கேக்கணும்னா நான் எழவு வீட்டுக்குத்தான் வரணும்போல" என்று சிரிப்பாள்.

பாட்டுக்கு முன்னால் தாளம் இல்லாமல் உச்சத்தில் இழுப்போமே, அந்தத் தொகையறாதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பறையும் கிளாரினெட்டும் சும்மா நிற்கும். நான் ஒருத்தி மட்டும் மேலே போவேன். முன்பின் தெரியாத ஆள்கூட சைக்கிளை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாதா கோயில் திருவிழாவில் என் குரல் ஒரு இடத்தில் லேசாக வழுக்கியது. தேர்ப் புழுதி என்று தண்ணீர் குடித்துவிட்டு மறந்தும் போனேன். அதற்குப் பிறகு வீரையண்ணன் கட்டிய எந்தப் பாட்டிலும் தொகையறா இல்லை. எடுத்த எடுப்பில் தாளம், எல்லா வரியும் கீழேயே நடக்கும்.

"என்னண்ணே, கெணத்துக்குள்ள நின்னு பாடுற மாரி இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் யாரும்மா தொகையறா கேக்குறாங்க? எல்லாருக்கும் அவசரம்" என்றார். நானும் நம்பினேன்.

போன சித்திரையில் என் அக்கா ஃபிளோரா போய்விட்டாள். என்னை வளர்த்தவள் அவள்தான். ஊரில் எவன் எவனுக்கோ தொண்டை கிழியப் பாடியவள் என் அக்காவுக்குப் பாட வேண்டாமா? ஜெபமாலை முடிந்து, சாமியார் வருவதற்குள் ஒரு மணி நேரம் இருந்தது. வீரையண்ணன் வாசல் பந்தல் வரைக்கும் வந்து என் காதில் பாட்டைச் சொன்னார்.

"அடுப்புல வெச்ச ஒல கொதிக்குது அக்கா, அரிசி போட ஆளு இல்ல, எந்திரி அக்கா."

நல்ல வரிதான். ஆனால் தொகையறா இல்லை.

"மேல எடுக்க ஒரு நாலு அடி குடுங்கண்ணே."

"இது போதும்மா."

"எங்கக்காண்ணே அவ!"

"போதும்மா, சொன்னாக் கேளு."

எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ. பறை, கிளாரினெட் செட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்க, "சரக்கு தீந்துபோச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன்! எதுக்கு என் உசுர வாங்குறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பாட்டைக் கீழேயே பாடி அக்காவை அனுப்பினேன். அவரை அப்புறம் கூப்பிடவே இல்லை.

எங்கள் செட்டில் பறையடிக்கிற பிரபு என்ற பையன் யூடியூபில் பாட்டும் போடுகிறவன். "அக்கா, நான் எழுதித் தர்றேன்" என்று வந்தான். புரட்டாசியில் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரியின் படத்திறப்பு. நான் கேட்டதால் பிரபு பெரிய தொகையறா எழுதியிருந்தான். ஆசை ஆசையாக மைக்கைப் பிடித்தேன். மூன்றாவது அடியில் மேலே போனால் குரல் இல்லை. வாய் திறந்திருக்கிறது, வெறும் காற்று வருகிறது. மறுபடி எடுத்தேன், கீச்சென்று உடைந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாவுப் பாட்டுக்குச் சிரிப்பு வந்தால் பாடகி என்ன ஆவாள்? மைக்கைக் கொடுத்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தேன்.

பிரபு சோடாவோடு வந்தான். "என்னக்கா நீங்க? ரெண்டு வருசமா மேல போவலைன்னு தெரிஞ்சும் ஏங்க்கா தொகையறா கேட்டு வாங்குனீங்க? வீரையன் அண்ணன் அதுக்குத்தான எறக்கி எறக்கிக் கட்டுனாரு? நீங்க அக்கா சாவுல கத்துனது கோவத்துலன்னு நெனச்சேன். நெசமாவே தெரியாதா?"

செட்டு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

அவர் முகத்தில் விழிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஐப்பசியில் ஒரு காலை நேரம் வயலுக்கே போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் வரப்பில் நின்று நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வந்தது அதுதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா நீ பாடுறத விட்டுடுவ. நீ விட்டா எனக்கு ஏது வாயி? உனக்காக மட்டும் மறைக்கலம்மா, எனக்காகவுந்தான்."

"அன்னைக்கு அவ்வளவு பேர் முன்னால கேவலப்படுத்துனேனே, அப்பயாச்சும் சொல்லக் கூடாதா?"

"அக்கா பொணத்த வெச்சுக்கிட்டா அதச் சொல்லுவாங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னை மன்னிச்சிடுங்கண்ணே. இனிமே ஒளிக்காதீங்க. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு இப்பவே பாத்துடலாம்" என்றேன். அவர் தயங்கினார். பிறகு கையைக் கழுவிவிட்டு, செல்போனில் ஆர்மோனியம் ஆப்பைத் திறந்தார். ஒரு கட்டையை அழுத்தினார். நான் அந்தச் சுரத்தில் இழுத்தேன். அடுத்த கட்டை. அடுத்தது. நடவுப் பெண்கள் குனிந்த முதுகை நிமிர்த்திப் பார்த்தார்கள். உடைகிற வரைக்கும் பாடுவது என்று நின்றுவிட்டேன், வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஒரு கட்டையில் அவர் விரல் நின்றுவிட்டது. "அவ்வளவுதான?" என்றார்.

"இல்லண்ணே, போங்க."

அடுத்ததை அழுத்தினார். பாடினேன். அதற்கடுத்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் பாடினேன். அதற்கும் மேலே போனபோதுதான் உடைந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது. மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் அங்கேதான் உடைந்தது.

"இந்த ரெண்டு கட்டையும் ஒனக்கு இருக்கா?"

"இருக்கே."

அவர் அப்படியே வரப்புச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "இது போதும்மா தொகையறாவுக்கு. பழைய ஒசரம் இல்ல, ஆனா போதும். நான்தான் ரெண்டு கட்ட கம்மியா நெனச்சுட்டேன். ஃபிளோராவுக்கு நீ பாடியிருப்ப. நல்லாவே பாடியிருப்ப."

"ஏண்ணே, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒனக்குத் தெரிஞ்சிடுமே" என்றார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். ஊர் முழுவதையும் அழவைத்த மனிதர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அவரைத் திட்ட எனக்கு அன்று எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் என் தொண்டையை நான் ஒரு நாளாவது கேட்டேனா? பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். அக்கா ஒரு தடவைதான் செத்தாள். அவளுக்கு இருந்ததைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, ஒருவர் மனசு ஒருவர் நோகக் கூடாதென்று.

வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, "கல்லறைத் திருநாளுக்கு இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டார்.

"பதினோரு நாளு. அக்கா கல்லறையில மெழுகுவத்தி ஏத்தணும்."

அவர் செல்போனில் பட்ட சேற்றைத் துடைத்தார். "மொத கட்டையிலேர்ந்து வா" என்றார்.